புதிய சங்கிலி ரம்பத்தைப் பூட்டிப் பழக்கிச் சீர்செய்யும் முறை

சவுக்கு, தென்னை, பனை, வேம்பு, சீமைக் கருவேல் முதலிய மரங்களை அறுப்பதற்கு முன்னாளில் கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமுமே கருவிகளாயிருந்தன. இந்நாளில் பெட்ரோலால் ஓடும் சங்கிலி ரம்பம் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. இருவர் நெடுநேரம் பாடுபட்டு அறுக்கும் அடிமரத்தை இது சில நிமிஷங்களில் துண்டாக்கிவிடும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரணியத்திற்கருகில் கரையேறிய கஜா புயலால் தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பாதைகளைத் திறப்பதற்கும் தோப்புகளைச் சுத்தம் செய்வதற்கும் இக்கருவி எவ்வளவு அவசியமென்பது அப்போது அனைவர்க்கும் விளங்கிற்று. ஆகையால் தோப்புடைய குடியானவர்கள் சொந்தமாகவும், ஊராட்சிகள் பொது உபயோகத்திற்காகவும் இதனை வாங்கி வைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் விலை கொடுத்து வாங்கிய புது ரம்பம் சில தினங்களுக்குள் பழுதாகி மூலையில் கிடப்பதையும் காணலாம். பிஸ்டன் சிலிண்டரோடு உராய்ந்து பற்றிக்கொண்டால், அதைப் பழுதுபார்க்கும் செலவு யந்திரத்தின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இதற்குக் காரணம் பல சமயங்களில் யந்திரத்தின் குறையன்று. எண்ணெய்க் கலவையில் அசட்டையாயிருப்பதும், இன்னும் வேகமாக ஓடவேண்டுமென்று கார்ப்பரேட்டரின் திருகாணிகளை அளவுக்கு மேல் இறுக்குவதுமே காரணமாகும். ரம்பத்தின் வேகம் வேறு. அதன் வலிமை வேறு. இவ்விரண்டின் பேதத்தை அறிந்தவர்களுக்கு இந்த நஷ்டம் நேராது.

அமைப்பு

ஜெர்மனி தேசத்தில் ஆந்திரேயாஸ் ஷ்டீல் என்பவர் 1926-ல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோலால் ஓடுவதையும் வெளியிட்டார். அக்காலத்துச் சங்கிலிகளின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போன்றவை; மரத்தைச் சுரண்டுமேயன்றிச் சீவமாட்டா. 1946-ல் அமெரிக்காவிலுள்ள ஆரிகன் மாகாணத்தில் மரம் வெட்டும் தொழில் செய்துவந்த ஜோசப் காக்ஸ் என்பவர், அடிக்கட்டையைத் துளைத்துச் செல்லும் வண்டின் புழு தன் தாடைகளால் மரத்தை இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துச் செல்வதைக் கவனித்தார். அதைப் பின்பற்றி அவர் செய்த சங்கிலியின் அமைப்பே இன்றும் பெரும்பாலும் வழங்குகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு பல் இடப்பக்கமும் அடுத்த பல் வலப்பக்கமும் வளைந்திருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. தச்சனுடைய இழைப்புளியில் தகடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு கனத்திற்கே சீவல் வருவது போல, பல்லின் நுனியைவிட இம்மேடு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு கனத்திற்கே ரம்பம் மரத்தைச் சீவும். இம்மேட்டை அளவுமேடு எனலாம். பற்களின் கூர்மையும் அளவுமேட்டின் உயரமுமே அறுக்கும் வலிமையில் பெரும்பகுதியை நிர்ணயிக்கின்றன.

எஞ்சின் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. மோட்டார் வண்டியில் உள்ளதைப் போல் எண்ணெய்க்கென்று தனி அறை இதற்கில்லை. பெட்ரோலுடன் கலந்து வரும் எண்ணெய் ஒன்றே பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வழுவழுப்பைத் தருகிறது. ஆகவே எஞ்சினுக்குள் செல்லும் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் கூடவே குறையும் என்பதை எப்போதும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

பெட்ரோலும் எண்ணெயும்

காற்றினால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று தயாரித்த எண்ணெயையே உபயோகிக்க வேண்டும். உற்பத்தியாளர் குறிப்பிடும் உயர்தர எண்ணெயாயின், சாதாரணமாக 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது கணக்கு. அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர். 5 லிட்டருக்கு 100 மில்லி லிட்டர். வேறு டூ ஸ்ட்ரோக் எண்ணெய்களுக்கு 25 பங்குக்கு 1 பங்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லி லிட்டர், வேண்டுமென்று சில உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள். யந்திரத்துடன் வரும் கைப்புத்தகத்தில் உள்ள அளவே பிரமாணம். கண்மதிப்பாக ஊற்றுதல் கூடாது; மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குப்பியை இதற்கென்று தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சுத்தமான டப்பாவில் முதலில் எண்ணெயை ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை ஊற்றி, மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். ரம்பத்தின் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மறுபடி குலுக்குதல் அவசியம். தொட்டியிலேயே பெட்ரோலையும் எண்ணெயையும் தனித்தனியே ஊற்றும் பழக்கம் எஞ்சினுக்கு நாசம்.

இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரையில் கலந்திருக்கிறது. இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. நாட்பட்ட கலவையில் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். தொட்டியின் அடியிலிருந்தே எஞ்சின் எரிபொருளை உறிஞ்சுகிறபடியால், எண்ணெய்ச் சத்தில்லாத அப்பகுதி முதலில் உள்ளே செல்லும். மேலும் எத்தனாலில் பிராணவாயு அடங்கியிருப்பதால், திருகாணிகளைத் தொடாமலிருந்தாலும் கலவையில் காற்றின் பங்கு கூடியது போன்ற நிலை ஏற்படுகிறது. பல ரம்பங்களின் கைப்புத்தகங்கள் 10 சதவீதத்திற்கு மேற்பட்ட எத்தனாலை அனுமதிப்பதில்லை. ஆகையால் வாங்கும்போதே இதை விற்பனையாளரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கலவையை ஒரு மாதத்திற்குத் தேவையான அளவுக்கு மேல் தயாரித்து வைத்தல் ஆகாது.

பட்டையும் சங்கிலியும்

சங்கிலி ஓடும் நீண்ட எஃகுப் பட்டையை மெக்கானிக்குகள் பார் என்பர். 40 முதல் 50 சி.சி. வரையுள்ள எஞ்சினுக்கு 15 முதல் 18 அங்குலமுள்ள பார் போதுமானது. பெரிய மரத்தை ஒரே வீச்சில் அறுக்க விரும்பி, சிறிய எஞ்சினுக்கு நீண்ட பாரைப் பூட்டினால் வேகம் தாழ்ந்து, கிளச்சு சூடேறிக் கெடும்.

சங்கிலியைப் பூட்டும்போது கையுறை அணிந்துகொள்ள வேண்டும். பாரின் மேல் விளிம்பில் உள்ள பற்களின் கூர்முனை, எஞ்சினை விட்டு பாரின் மூக்கை நோக்கியிருப்பது சரியான திசை. மூடியின் நட்டுகளைக் கைவிரலால் மட்டும் இறுக்கி, பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே இறுக்கத் திருகாணியைத் திருப்ப வேண்டும். சங்கிலி பாரின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்; ஆனால் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். அதன் பிறகே நட்டுகளை முழுதும் முடுக்க வேண்டும்.

புதுச் சங்கிலி முதல் நாளில் விரைவாக நீளும். முதல் 2 அல்லது 3 நிமிஷம் மெதுவாக ஓட்டிப் பார்த்து மறுபடி இறுக்குவதும், பின்பு அடிக்கடி சோதிப்பதும் நலம். சூடாயிருக்கையில் இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிடில் அது குளிர்ந்து சுருங்கும்போது எஞ்சினின் தண்டையும் பேரிங்குகளையும் இழுத்துச் சேதப்படுத்தும்.

சங்கிலிக்கென்று தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. பெட்ரோல் நிரப்பும் போதெல்லாம் இதையும் நிரப்ப வேண்டும். எண்ணெய் சரியாக வருகிறதா என்பதை அறிய, பாரின் மூக்கை ஒரு வெள்ளைக் காகிதத்திற்கோ வெட்டிய கட்டையின் முகத்திற்கோ ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, நடுத்தர வேகத்துக்குச் சற்று மேலாக ஒரு நிமிஷம் ஓட்ட வேண்டும். எண்ணெய்த் துளிகள் கோடாகத் தெரிந்தால் சரி. மோட்டார் வண்டிகளிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இதில் ஊற்றலாகாது. அதிலுள்ள உலோகத் தூளும் அழுக்கும் பாரையும் எண்ணெய்ப் பம்பையும் அரித்துவிடும். ஒரே பக்கம் தேயாமலிருக்க, பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் பூட்ட வேண்டும்.

எஞ்சினைப் பழக்குதல்

புதுக் காளையை முதல் நாளிலேயே பார வண்டியில் பூட்டி விரட்டுவார் எவருமில்லை. புது எஞ்சினும் அத்தகையதே. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரின் சுவரோடு பொருந்தி அமைவதற்குச் சற்றுக் காலம் வேண்டும். முதல் மூன்று தொட்டி பெட்ரோல் தீரும் வரையில், மரத்தில் வைக்காமல் காற்றில் முழு வேகத்தில் ஓட்டுதல் கூடாது. அதற்காக எந்நேரமும் மந்தமாகவே ஓட்டுவதும் தவறு. மிதமான பருமனுள்ள கட்டைகளை அறுத்து, இடையிடையே ஓய்வு கொடுப்பதே நல்ல முறை. கடினமான அறுப்புக்குப் பின் உடனே நிறுத்தாமல், அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினால் உள்வெப்பம் தணியும்.

5 முதல் 15 தொட்டி பெட்ரோல் செலவானபின்புதான் எஞ்சின் தன் முழு வலிமையை அடையும். முதல் நாளில் சற்று வலிமை குறைவாகத் தோன்றினால், அதைக் கண்டு திருகாணிகளைத் திருப்பத் தொடங்குதல் அவசரபுத்தியாகும்.

பற்களைத் தீட்டுதல்

அறுக்கும்போது கனமான சீவல்கள் உதிர்ந்தால் பற்கள் கூர்மையாயிருக்கின்றன. மாவுபோன்ற தூள் வந்தாலோ, ஆள் தன் பலத்தால் ரம்பத்தை அமுக்க வேண்டியிருந்தாலோ பற்கள் மழுங்கிவிட்டன என்று அறியலாம். தென்னை, பனை இவற்றின் வெளி வைரமும், காய்ந்த சவுக்கும் புளியும் பற்களை விரைவில் மழுக்கும். சேறு படிந்த மரமோ இவையெல்லாவற்றையும்விடக் கெடுதல். ரம்பத்தின் மூக்கு ஒருமுறை மண்ணைத் தொட்டாலே கூர் போய்விடும். ஆகையால் வெள்ளத்தில் சாய்ந்த மரங்களில் அறுக்க வேண்டிய இடத்தை முதலில் சுரண்டிக் கழுவுதல் வேண்டும்.

சங்கிலியின் அளவுக்கேற்ற உருண்டை அரம் வேண்டும். சிறிய ரம்பங்களில் உள்ள தாழ்ந்த வகை 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4.0 மில்லிமீட்டரும், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டரும் கனமுள்ள அரம் பொருந்தும். பல்லின் மேற்றகட்டில் பொறித்திருக்கும் சாய்வுக் கோட்டை, பொதுவாக 30 டிகிரியை, அனுசரித்து உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மட்டுமே அரத்தைத் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கையில் பல்லைத் தொடலாகாது. அரத்தின் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்றகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு பக்கத்துப் பற்களை முடித்தபின் மறுபக்கத்தைத் தீட்டி, எல்லாப் பற்களும் ஒரே நீளமாயிருக்கச் செய்தல் அவசியம். நீளம் பேதப்பட்டால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து செல்லும்.

பற்கள் தேயத் தேய அளவுமேடு உயர்ந்ததுபோலாகிச் சீவல் குறையும். சில தடவை தீட்டியபின், இதற்கென்று விற்கும் அளவுத் தகட்டை வைத்து, மேட்டைத் தட்டை அரத்தால் ராவ வேண்டும். சாதாரணமாகப் பல்லின் நுனிக்கும் மேட்டிற்கும் உள்ள வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர், அதாவது 0.025 அங்குலம். இன்னும் வேகமாக அறுக்கும் என்று எண்ணி மேட்டை மிகுதியாக ராவினால், பல் மரத்தில் மாட்டிக்கொள்ளும்; பாரின் மூக்கின் மேற்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் ஆளின் முகத்தை நோக்கி எகிறும் அபாயமும் அதிகரிக்கும்.

கார்ப்பரேட்டரைச் சீர்செய்தல்

மேற்கூறிய யாவும் முடிந்த பிறகே கார்ப்பரேட்டரைக் கவனிக்க வேண்டும். காற்று வடிகட்டி சுத்தமாகவும், சங்கிலி கூர்மையாகவும், எஞ்சின் நன்றாகச் சூடேறியும் இருத்தல் அவசியம். அழுக்கடைந்த வடிகட்டியோடு சீர்செய்த எஞ்சின், வடிகட்டியைச் சுத்தம் செய்த மறுகணமே காற்று மிகுந்து சூடேறும். எலக்ட்ரானிக் முறையில் தானாகவே சீர்செய்துகொள்ளும் புதுவகை ரம்பங்களில் இந்தத் திருகாணிகள் இரா. அவற்றிற்கு இப்பகுதி பொருந்தாது.

எல், எச் என்ற ஆங்கில எழுத்துக்கள் பொறித்த இரு திருகாணிகள் முறையே குறைந்த வேகத்திற்கும் மிகுந்த வேகத்திற்கும் உரிய பெட்ரோலின் அளவை நிர்ணயிக்கின்றன. மூன்றாவது திருகாணி எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். எல், எச் இரண்டையும் வலஞ்சுழியாகத் திருப்பினால் பெட்ரோல் குறைந்து வறண்ட கலவையாகும். இடஞ்சுழியாகத் திருப்பினால் பெட்ரோல் கூடிச் செறிந்த கலவையாகும். தொடங்குமுன் அவை இருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமலிருக்க வேண்டும். அளவுக்கு மேல் திரும்பாதபடி தொழிற்சாலையில் பொருத்திய மூடிகளைப் பிடுங்கலாகாது.

முதலில் எல். எஞ்சின் சும்மா ஓடும்போது இத்திருகாணியை இருபக்கமும் மெல்லத் திருப்பி, மிகுந்த வேகம் வரும் நிலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று இடஞ்சுழியாகத் திருப்பி நிறுத்த வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் எஞ்சின் திணறாமல் எழ வேண்டும். திணறினால் கலவை வறண்டது. புகையுடன் மந்தமாக எழுந்தால் மிகச் செறிந்தது.

இரண்டாவதாகச் சும்மா ஓடும் வேகம். பல ரம்பங்களுக்கு இது நிமிஷத்திற்கு 2,500 முதல் 3,000 சுற்றுக்கள். எஞ்சின் அணையாமலும், சங்கிலி சிறிதும் நகராமலும் இருக்க வேண்டும். இவ்வேகத்தில் சங்கிலி நகரும் ரம்பத்தைக் கையில் எடுப்பது பெரும் ஆபத்து.

கடைசியாக எச். பழகிய எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் காற்றில் முழு வேகத்தில் ஓட்டிச் செவியால் கவனிக்க வேண்டும். சரியான கலவையில் ஒலி முற்றும் தெளிந்திராமல் சற்றே கரகரத்துக் குமுறும். மரத்தில் வைத்ததும் அக்கரகரப்பு நீங்கி ஒலி தெளியும். காற்றிலேயே ஒலி தெளிந்து கிறீச்சிட்டால் கலவை வறண்டது. உடனே எட்டில் ஒரு சுற்று இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மரத்தில் வைத்த பின்னும் கரகரப்பு நீங்காவிடில் மிகச் செறிந்தது. புகை குறைந்த புதுவகை எஞ்சின்கள் சிலவற்றில் இவ்வொலிப் பேதம் தெளிவாகக் கேளாது. அவற்றிற்குச் சுற்றுக்களை எண்ணும் கருவியைக் கொண்டு, கைப்புத்தகத்தில் கண்ட உச்ச எண்ணிக்கையைத் தாண்டாதபடி அமைக்க வேண்டும்.

வேகம் வேறு, வலிமை வேறு என்று முதலில் கூறியதன் காரணம் இங்கே விளங்கும். காற்றில் 13,000 சுற்றுக்கள் ஓடும் எஞ்சின், மரத்தை அறுக்கும்போது ஏறக்குறைய 9,000 முதல் 10,000 சுற்றுக்களிலேயே தன் முழு வலிமையைத் தருகிறது. எச் திருகாணியை இறுக்கிக் காற்றில் இன்னும் ஆயிரம் சுற்றுக்கள் கூட்டுவதால் மரம் வேகமாக அறுபடுவதில்லை. பெட்ரோலும் எண்ணெயும் குறைந்து, விநாடிக்கு 200 தடவைக்கு மேல் ஏறி இறங்கும் பிஸ்டன் வறண்டு, அதன் அலுமினியம் சிலிண்டர்ச் சுவரில் அப்பிக்கொள்கிறது. சற்றே செறிந்த கலவையால் நேருவது கொஞ்சம் பெட்ரோல் நஷ்டம். வறண்ட கலவையால் நேருவது எஞ்சினே நஷ்டம்.

வேலைக்குப் பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இதன் சாட்சியைக் காணலாம். அதன் முனை காப்பி நிறமாயிருந்தால் சரி. வெளுத்திருந்தால் வறண்ட கலவை. கரி படிந்து ஈரமாயிருந்தால் மிகச் செறிந்த கலவை.

மலைப்பிரதேசத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகமண்டலத்தில் காற்று மெல்லியதாகையால், அங்கே எச் திருகாணியை இறுக்கிச் சரிசெய்த ரம்பத்தை மேட்டுப்பாளையத்திற்குக் கொண்டுவந்து அப்படியே ஓட்டினால் கலவை வறண்டுவிடும். இடம் மாறும்போது திருகாணியையும் மாற்றி அமைத்தல் அவசியம்.

புகைக்குழலில் துவாரமிட்டால் வலிமை கூடும் என்று சிலர் கூறுவர். அதனால் கலவை வறள்வதும், ஓசை மிகுவதும், தீப்பொறி வெளிப்பட்டுக் காய்ந்த சருகுகளில் நெருப்புப் பற்றுவதும் கூடும். விற்பனையாளரின் உத்தரவாதமும் போய்விடும். குடியானவர்களுக்கு இது வேண்டாத வேலை.

மழைக்காலத்திற்கு ஆயத்தம்

ஊராட்சியின் பொறுப்பிலிருக்கும் ரம்பம் பல மாதம் சும்மா கிடந்து, புயலடித்த இரவில் திடீரென்று தேவைப்படும். பழைய பெட்ரோல் தங்கி, கார்ப்பரேட்டரின் மெல்லிய ரப்பர்த் தகடுகள் விறைத்துப்போன ரம்பம் அந்நேரத்தில் கிளம்பாது. மறித்த பாதையின் மறுபக்கத்தில் பிரசவ வேதனையோடு ஒருத்தியோ, பாம்பு தீண்டிய ஒருவனோ காத்திருக்கலாம். ஆகையால் வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே அணையும் வரையில் ஓட்டி வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்திலேயே புதுக் கலவை ஊற்றி, ஒரு கட்டையை அறுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். கூரான மற்றொரு சங்கிலி, ஸ்பார்க் பிளக், அரங்கள், அளவுக் குப்பி ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, அதை இயக்கப் பழகியவர் இருவரின் பெயரைக் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே குறித்து வைத்தல் நலம்.

தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கால்களுக்குரிய தடித்த காப்பு, உறுதியான பூட்ஸ் இவையின்றி ரம்பத்தை எடுக்கலாகாது. தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் உயிருக்கு ஆபத்து. எகிறும்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் சோதிக்க வேண்டும்.

சுருங்கக் கூறின், கலவையை அளந்து ஊற்றுக. சங்கிலியை அளவாக இறுக்குக. மூன்று தொட்டி வரையில் பொறுமையாகப் பழக்குக. பற்களைக் கூராக வைத்திருக்க. கார்ப்பரேட்டரைக் கடைசியாக, குறைவாகத் தொடுக. இவ்வரிசைப்படி நடத்திய ரம்பம் பல்லாண்டு உழைக்கும்.